நெவிலிடம் கேட்காமல் விட்டது

லோர்னா ஹெஸ்லப்புக்கு முதலில் கெட்டுப்போனது பெருவிரல்கள்தான். இருபது வருடம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்து, பிளைத் என்ற துறைமுக ஊர்க்காரர்களின் முதுகையும் தோளையும் அமுக்கி அமுக்கி, இரண்டு கைப் பெருவிரல்களின் அடிமூட்டுகளும் தேய்ந்துவிட்டன. ஜாம் பாட்டில் மூடியைத் திறக்கக்கூடக் கணவன் கொலினைக் கூப்பிட வேண்டியிருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இந்த வேலையை விட்டால்தான் கை பிழைக்கும் என்று சொல்லிவிட்டார். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. வேறு வேலை எதுவும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் இருந்த குடும்ப டாக்டர் கிளினிக்கில் ஒரு இடம் காலியானது. முதுகுவலி, முழங்கால்வலி என்று வருகிறவர்கள் டாக்டரிடம் போகாமல் நேரே இவளிடம் வருவார்கள். அமுக்கவும் வேண்டாம், நீவவும் வேண்டாம். பேச்சுக் கொடுத்து, தொட்டுப் பார்த்து, இது பயப்பட வேண்டியதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே அதற்கென்று பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பு ஒன்று படித்துத் தேற வேண்டும் என்பது நிபந்தனை. கட்டுரை எழுத வேண்டும். நோயாளியை அவள் பார்க்கும்போது ஒரு டாக்டர் மூலையில் உட்கார்ந்து கவனித்து மதிப்பிடுவார். தேறாவிட்டால் வேலை இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுடைய பழைய இடத்துக்கு அதற்குள் வேறு ஆள் வந்தாகிவிட்டது.

அவளுக்குக் கொடுத்த அறை முன்பு பழைய கோப்புகள் அடுக்கி வைத்திருந்த அறை. ஜன்னல் கிடையாது. படுக்கையை விரித்துப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது; பருமனான ஆட்கள் பக்கவாட்டில் நுழைய வேண்டும். ஆஸ்பத்திரியில் பெரிய கூடம், பக்கத்தில் நாலு பேர், சந்தேகம் வந்தால் திரையை விலக்கிக் கேட்கலாம். இங்கே அவளும் ஒரு கணினியும்தான். அங்கே அவளிடம் வருவதற்கு முன்பே யாரோ ஒரு டாக்டர் பார்த்து, பெரிய வியாதி எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார். இங்கே முதல் ஆள் இவள்தான். தோள்வலி என்று வந்து உட்காருகிறவரின் நுரையீரலில் ஏதாவது இருக்குமோ, இடுப்புவலிக்காரிக்கு எலும்பில் புற்று பரவியிருக்குமோ என்று யோசித்தபடியே வீட்டுக்குப் போவாள். சாப்பாட்டு மேஜையில் முள்கரண்டியை வைத்துவிட்டு, "அந்த ஆளு இளைச்சிருந்தாரா?" என்று தனக்குத்தானே கேட்பாள். கொலினும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கடையில் ரொட்டி வாங்கப் போனால் யாராவது பின்னால் வந்து இடுப்பைக் காட்டுவார்கள். பிறந்து வளர்ந்த ஊர். யாரிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது.

அவளுக்குப் பொறுப்பாக வந்த டாக்டர் டெமி அடபாயோ அவளைவிட எட்டு வயது சின்னவள். லாகோஸில் பிறந்து லீட்ஸில் வளர்ந்தவள். அதிர்ந்து பேசமாட்டாள், ஆனால் மதிப்பெண்ணில் தயவு காட்டவும் மாட்டாள். லோர்னாவுக்கு அவளைப் பிடிக்கும். அதே சமயம் அவள் மூலையில் வந்து உட்கார்ந்தால் லோர்னா வழக்கத்தைவிட வேகமாகப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை டெமி அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் நெவில் ப்ரௌட்லாக் வந்தார்.

நெவில் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி பெரில் போன வருடம்தான் இறந்திருந்தாள். அதன் பிறகு அவருக்கு எல்லாமே லீக் செடிதான். அந்தப் பக்கத்தில் ஆண்களுக்கு அது ஒரு பைத்தியம். வெங்காயத்தாளைப் போல, ஆனால் கைப்பருமன் தண்டோடு அதை வளர்த்து, இலையுதிர்காலத்தில் கிளப்பில் போட்டிக்கு வைப்பார்கள். கொலினும் வளர்ப்பான், ஆனால் நெவில் அளவுக்கு வராது.

நோயாளி தெரிந்தவராக இருந்தால் வேறு ஆளிடம் மாற்றிவிடலாம். ஆனால் அன்றைக்கு வேறு ஆள் இல்லை. நெவிலும் இவளே பார்க்கட்டும் என்றார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, கதவிடுக்கில் நுழைந்து வந்து உட்கார்ந்தார்.

"என்ன கண்ணு, உன்னைப் பூட்டி வெச்சிருக்காங்களா?" என்றார். பிறகு டெமியைப் பார்த்து, "இந்தப் பொண்ணோட வீட்டுக்காரன் லீக்கைப் பார்த்திருக்கீங்களா டாக்டர்? பென்சில்னு நெனச்சுச் சீவிடுவீங்க" என்றார்.

லோர்னா சிரித்துவிட்டாள். மூன்று வாரமாக முதுகுவலி, இடது காலில் வலி இழுத்தது, இப்போது வலது காலிலும் இழுக்கிறது என்றார் நெவில். குழி வெட்டியதால் வந்தது என்று அவரே காரணமும் சொன்னார். அவள் காலைத் தூக்கிப் பார்த்தாள், கணுக்காலை அசைக்கச் சொன்னாள், முழங்காலைத் தட்டிப் பார்த்தாள். நரம்பு அழுந்துகிறது என்று விளக்கி, பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். அவர் எழுந்து, இன்னொரு கிண்டல் அடித்துவிட்டு, பக்கவாட்டில் நழுவி வெளியேறினார். நன்றாகத்தான் செய்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

கதவு மூடியதும் டெமி சொன்னாள்: "ரெண்டு காலும் வலிக்குதுன்னு சொன்னார். நீங்க மூத்திரத்தைப் பத்திக் கேக்கல. உட்காருற இடம் மரத்திருக்கான்னு கேக்கல."

லோர்னா கணினியில் தான் எழுதியிருந்த குறிப்பை மறுபடி படித்தாள். முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக்கட்டு நசுங்கினால் சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை விட்டுப் போகும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் அது திரும்பாது. முதுகுவலியில் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. முந்தின வாரம்தான் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தாள். முன்பின் தெரியாத ஆளிடம் என்றால் தூக்கத்தில்கூடக் கேட்டிருப்பாள். நெவிலிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை.

"கடைசியில கேப்பீங்கன்னு நினைச்சு விட்டுட்டேன். அவர் எழுந்தப்பவே நான் தடுத்திருக்கணும். அது என் தப்பு. இப்ப கூப்பிடுங்க" என்றாள் டெமி.

வீட்டு எண்ணுக்கும் கைபேசிக்கும் மாற்றி மாற்றி அடித்தார்கள். யாரும் எடுக்கவில்லை. அவர் எங்கே இருப்பார் என்று லோர்னாவுக்குத் தெரியும். அடுத்துக் காத்திருந்த நோயாளிகளைத் தான் பார்த்துக்கொள்வதாக டெமி சொன்னாள். லோர்னா கோட்டைக்கூட எடுக்காமல் காரைக் கிளப்பினாள்.

ஊரின் கோடியில், ரயில் பாதையை ஒட்டி, நகராட்சி வாடகைக்கு விட்டிருந்த தோட்டத் துண்டுகளில் ஒன்று நெவிலுடையது. அவர் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே மண்டியிட்டிருந்தார். அவளைக் கண்டதும் எழப் பார்த்தார், முடியவில்லை.

"ரெண்டு கேள்வி விட்டுப்போச்சு, நெவில்."

"அதுக்கா வண்டியெடுத்துட்டு வந்தே?"

"ஒண்ணுக்குப் போறது எப்படி இருக்கு?"

"என் வயசுக்காரனுக்கு எப்படி இருக்குமோ அப்படி. கொலினுக்கும் வரும், பொறுத்துக்கோ."

அவள் சிரிக்கவில்லை. அவருக்கு எதிரே ஈர மண்ணில் தானும் மண்டியிட்டாள். "வெளிக்குப் போயிட்டுத் துடைக்கும்போது உணர்வு தெரியுதா? உட்காருற இடம் மரத்திருக்கா?"

நெவில் ஒரு லீக்கின் இலையிலிருந்து மண்ணைத் துடைத்தார். இன்னொரு இலையையும் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமையிலேருந்து மரத்துத்தான் கெடக்கு" என்றார் கடைசியில். "ஒண்ணுக்கு வர மாட்டேங்குது. நின்னு நின்னு பாக்கணும். பெரில் இருந்தா அவகிட்ட சொல்லியிருப்பேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது? நாளைக்குக் காலையில வேலிக்கு அந்தப் பக்கம் நீதானே துணி காயப்போட்டுட்டு நிப்பே."

"சொல்லாட்டாலும் நான்தான் நிப்பேன். கிளம்புங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சனிக்கிழமை போட்டி. முடிஞ்சதும் வர்றேன்."

"சனிக்கிழமை வந்தா ஒண்ணும் செய்ய முடியாது நெவில். ஆயுசுக்கும் ஒண்ணுக்குக் குழாய் மாட்டிக்கிட்டுத்தான் இருக்கணும். நடக்குறதும் சந்தேகம்."

அவர் செடிகளைப் பார்த்தார். இதற்குள் ராத்திரி போட்டிக்காரன் யாராவது வந்து கத்தியால் கீறிவிட்டுப் போனால் என்ன செய்வது என்று கேட்டார், அப்படி நடந்திருக்கிறதாம். கொலினைக் காவலுக்குப் படுக்க வைக்கிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். அவன் தோட்டத்தில் படுத்தால் செடி தானாகவே வாடிவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் தோளைப் பிடித்து எழுந்தார். அவ்வளவு பாரத்தை அவள் பெருவிரல்கள் தாங்கவில்லை. முழங்கையை மடித்துத் தாங்கினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். டெமி முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள். அன்று மாலையே ஸ்கேன், இரவே அறுவைச் சிகிச்சை.

மறுநாள் டெமி அந்த மதிப்பீட்டில் தேறவில்லை என்றே போட்டாள். லோர்னாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஓடிப்போய்க் கேட்டேனே, ஆளைக் காப்பாற்றினோமே என்றாள்.

"காப்பாத்தினோம். ஆனா அந்த அறையில நீங்க கேக்கல. அறையிலதான் கேக்கணும்" என்றாள் டெமி.

அந்த வாரமே லோர்னா ஆஸ்பத்திரியின் பழைய மேலாளரைக் கூப்பிட்டு ஏதாவது ஒரு மூலையில் இடம் கிடைக்குமா என்று விசாரித்தாள். கை தேறிவிட்டதா என்று அவர் பதிலுக்குக் கேட்டார். தேறவில்லை. தேறவும் தேறாது. மறுபடி அந்த ஜன்னலில்லாத அறைக்கே போனாள். சர்ச்சில் அவளோடு பாடுகிறவர்கள், மகளின் டீச்சர், சைக்கிள் கடைக்காரர் என்று ஊரே முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தது. எல்லோரிடமும் அந்தக் கேள்விகளைக் கேட்டாள். சிலர் முகம் சிவந்தார்கள். சைக்கிள் கடைக்காரர், என்னிடமா இதைக் கேட்கிறாய் என்று எழுந்தே போய்விட்டார். வீட்டுக்கு வந்தால், இனிமேல் அந்தக் கடைக்கு எப்படிப் போவது என்று கொலினிடம் புலம்புவாள். மார்ச்சில் தேறினாள். கொலின் கேக் வாங்கி வந்தான். தண்டனைக்காலம் நீட்டிக்கப்பட்டவள் போல அவள் அதை வெட்டினாள்.

நெவில் பிழைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் வரை குழாயோடு இருந்தார், பிறகு மெல்ல மெல்லச் சிறுநீர் வசத்துக்கு வந்தது. வலது கால் பாதம் மட்டும் இன்னமும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை கொலின்தான் அவருடைய லீக்கைப் பிடுங்கிக் கழுவிப் போட்டிக்கு வைத்தான். நாலாம் இடம் வந்தது. கழுவத் தெரியாதவன் கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று நெவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னாராம்.

ஆனால் லோர்னாவிடம் அவர் பழையபடி பேசவில்லை. கிளினிக்குக்கு வந்தால் டாக்டரைத்தான் கேட்பார். அவள் துணி காயப்போட வந்தால், ஏதோ மறந்துவிட்டவர் போல உள்ளே போவார். கொலினோடு மட்டும் மணிக்கணக்கில் வேலியில் சாய்ந்து நிற்பார். கோபம் இல்லை, அவளுக்கே அது தெரியும். அவரைப் பற்றித் தெரியக்கூடாதது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதை அவளால் மறக்கவும் முடியாது, மறந்த மாதிரி நடிக்கவும் முடியாது.

ஒரு நாள் சாயங்காலம் அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "வேற ஊருக்குப் போயிடலாமா?" என்று கேட்டாள்.

"எங்க போறது? அங்கயும் எல்லாருக்கும் முதுகு இருக்கும்" என்றான் கொலின்.

"இருக்கட்டும். அவங்களை எனக்குத் தெரியாதே."

ஒரு வருஷத்தில் அவர்களையும் தெரிந்துவிடும் என்றான் கொலின். அவள் துண்டைக் கம்பியில் போட்டாள். அவர்கள் வீடு மாறவில்லை.