வாங்கி வீசும் கோபுரம்

டிவி நிலையத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை என்றால் இதுதான்: படம் அனுப்புகிறவர்கள் தில்லியில் இருப்பார்கள், அதற்குத் திட்டு வாங்குகிறவள் துடைப்பத்தோடு வாசலில் நிற்பாள். அடுத்தவர் செய்ததற்குப் பதில் சொல்லியே அலுத்தவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு புரியும். நான் ஐந்தாவதோடு நின்றவள். சேலத்துக்கு வெளியே ஒரு கரட்டின் மேல், சின்னக் குன்றுதான் அது, இருந்த எங்கள் கோபுரத்துக்குச் சொந்தமாக ஒரு படமும் கிடையாது. தில்லியிலிருந்து வருவதை வாங்கிச் சுற்று ஊர்களுக்கு வீசும், அவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிற்று.

எருமைக்கு வைத்தியம்

ஆரம்பத்தில் எங்களுக்குச் சென்னை இணைப்பு இல்லை. செய்தி இந்தியில், பாட்டு இந்தியில், விவசாயிகளுக்கு யோசனையும் எருமைக்கு வைத்தியமும்கூட இந்தியில். புதுசாக டிவிப் பெட்டி வாங்கிய மல்லசமுத்திரத்துப் பண்ணையக்காரர் ஒருவர் பஸ் ஏறி வந்து என்னோடு சண்டை பிடித்தார். உள்ளே இருந்த இன்ஜினியர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். புகார் எழுதி என் வேலைக்கு உலை வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். "எங்க கையில ஒண்ணுமில்லீங்க" என்றேன். அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "எனக்குத்தான் புரியல அம்மணி, என்ற எருமைக்காச்சும் புரியுதான்னு கேட்டுச் சொல்லு."

பாவாயி

பாவாயி சங்ககிரிப் பக்கத்துக்காரி. அவளுடைய ஒரே மகன் ரிக் லாரியில் போர்க்கிணறு போட வடக்கே போனவன். வழியில் எங்கேயோ டீ குடிக்க இறங்கினான், திரும்பி வரவில்லை என்று சொல்லி, லாரிக்காரர்கள் அவன் துணிப்பையை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் போட்டோவை முந்தானையில் முடிந்துகொண்டு எங்களிடம் வந்தாள். டிவியில் காட்டினால் அந்தச் சீமையில் யாராவது அடையாளம் சொல்வார்கள் என்று நம்பினாள்.

தில்லியிலிருந்து இங்கே படம் வருகிறதென்றால் இங்கிருந்தும் அங்கே போகும் என்பது அவள் நினைப்பு. போன பஸ் திரும்பி வருவதில்லையா? இன்ஜினியரே வெளியே வந்து, இது ஆற்றுத் தண்ணீர் மாதிரி, ஒரு பக்கமாகத்தான் வரும் என்றார். அவள் போட்டோவை மறுபடி முடிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். "அங்க பேசறது இங்க கேக்குது, இங்க கூப்புட்டா அங்க கேக்காதுன்னா, அதென்ன நாயஞ் சாமி?"

சென்னை வந்தது

பிறகு சென்னையோடும் இணைத்தார்கள். சாயங்காலம் சென்னை, அதற்கப்புறம் தில்லி. சென்னையில் காணாமல் போனவர்களின் படங்களைக் காட்டுவார்கள், போலீஸ் மூலமாகக் கொடுக்க வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னார். நானே பாவாயியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். அவளிடம் இருந்தது அந்த ஒரே போட்டோ. தொலைந்துவிட்டால் அந்தப் பழியும் என் தலையில்தானே விடியும்? திரும்பக் கிடைக்குமா என்று பயந்து பயந்து கேட்டேன். ஏட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆளே கெடைக்கப் போறான், போட்டோ எதுக்கும்மா?"

அவன் முகம்

மாதங்கள் போயின. பாவாயி சாயங்காலமானால் பஞ்சாயத்து டிவிப் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாளாம். ஒருநாள் அவன் முகம் வந்தே விட்டது. "நம்ம பாவாயி மவன்டா!" என்று ஊரே கத்தியதாம்.

மறுநாள் காலையிலேயே கரடு ஏறி வந்தாள். சந்தோஷமாக வருகிறாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்க நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: நேற்றுக் காட்டியது வடக்கே தெரிந்திருக்குமா? உள்ளே போய் இன்ஜினியரைக் கேட்டேன். வடக்கே தெரிவது தில்லி, சென்னை நம் பக்கத்துக்கு மட்டும்தான் என்றார். பொய் சொல்லலாமா என்று வாசற்படி வரைக்கும் யோசித்தேன். வாய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை; போட்டோ இன்னும் திரும்பியிருக்கவில்லை. "அவன அறியாத சீமையில காட்டச் சொன்னா, அவன் மூஞ்சி தெரிஞ்ச ஊருக்கே காட்டிப்போட்டீங்களே சாமி."

அத்தனை உயரக் கோபுரத்தில், கீழே இருக்கிறவர்கள் சொல்வதை வாங்கிக்கொள்ள இருந்த ஒரே கருவி, துடைப்பத்தோடு வாசலில் நின்ற நான்தான்.