இரண்டாவது றிங்

திரியாய்க்காரனுக்கு சிம் எடுத்துக் கொடுத்ததுதான் என் வீரத்தின் உச்சம். அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம்.

ஓர்ஸ் ஹில்லில் ஒரே கந்தோரில் எனக்குப் பக்கத்துக் கதிரை அவனுடையது. குடும்பத்தோடு ரவுணில் வாடகைக்கு இருந்தாலும் அடையாள அட்டையில் திரியாய் விலாசம். அந்தச் சண்டை நாளில் அந்த எல்லைக் கிராமத்து விலாசத்தைப் பார்த்தால் போன் கடைக்காரருக்கு ஃபோம் முடிந்துவிடும். "பிறகு வாங்கோ தம்பி" என்றார். அவருடைய முழங்கைக்குக் கீழே ஃபோம்கள் ஃபான் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. நான் என் அட்டையை எடுத்து மேசையில் அடித்தேன்.

"என்ர பேரில எழுதுங்கோ."

சிம் யார் கையில் இருக்கும் என்று கேட்க, 'பாவிப்பவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'நான்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

"மச்சான், இனி நீ ஆரையும் ஏசலாம். பிடிபடுறது நான்தான்" என்றேன், வெளியே வந்ததும்.

"அப்ப முதல்ல உன்னைத்தான் ஏசிப் பாக்கவேணும்" என்றான்.

ஆனால் அவன் அந்தப் போனில் ஏசுவது கிடக்க, கதைத்ததே குறைவு. அது மிஸ்ட் கோலுக்கென்றே வாங்கிய போன். திரியாயில் இருந்த தாயைப் பார்க்கப் போகும்போது வழியில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற நாலு சென்றி. ஒவ்வொன்றையும் தாண்டியதும் மனைவிக்கு ஒரு றிங் விட்டு வெட்டிவிடுவான். திரும்பி வரும்போதும் அப்படியே. அவ எடுக்கமாட்டா. எடுத்தால் காசு, எடுக்காவிட்டால் புருஷன் உயிரோடு இருக்கிறான். அப்போது ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் பயணம் போனார்கள்.

தாய்க்குக் காய்ச்சல் என்று ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு, மருந்துப் பையை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனான். அன்று மத்தியானம் கந்தோரில் ஒரு கதை வந்தது. தலைமை எழுதுவினைஞர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"போன் கொம்பனிக்காரர் ஆமிக்கு லிஸ்ட் குடுக்கிறாங்களாம். ஆற்ற பேரில எத்தினை சிம், ஆர் ஆரோட கதைச்சது, எந்த ரவருக்குக் கீழ நிண்டது, முழுக்க."

"எல்லாமோ ஐயா?"

"ஓம். நீர் மனிசிக்கு அனுப்பின மெசேச்சும்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் தனியாக ஒரு கணக்குப் பார்த்தேன். 'நாலு வாழைக்காய் வாங்கட்டோ' என்று அனுப்பியிருந்தேன். அந்த நாலும் குண்டில்லை என்று எப்படி விளங்கப்படுத்துவது? அதோடு, என் பேரில் ஒரு சிம் இந்த நிமிடம் திரியாய் வீதியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கக்கூசுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு கொம்பனிக்கு அடித்தேன். சேவையின் தரத்துக்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படும் என்றது ஒரு குரல். பயத்தில் வாளியின் மேலேயே குந்திவிட்டேன். பிறகு லைனில் ஒரு பெண்பிள்ளை வந்தா.

"சொல்லுங்க சார்."

"சிம் ஒண்டு துலைஞ்சுபோச்சு" என்று குசுகுசுத்தேன்.

"கொஞ்சம் சத்தமா கதைக்க ஏலுமா சார்?"

"துலைஞ்சுபோச்சு!"

கந்தோர் முழுக்கக் கேட்டிருக்கும். அம்மாவின் பெயரைக் கேட்டா, பிறந்த திகதியைக் கேட்டா. உலகத்தில் எனக்கு இருந்த இரகசியம் இரண்டையும் கொடுத்து சிம்மின் லைனை வெட்டுவித்தேன். அப்போது இரண்டு பத்து. வீட்டுக்குப் போய் என் போனின் பற்றரியைக் கழற்றி இரண்டையும் அரிசி வாளிக்குள் தாட்டேன். உலை வைக்க வந்த மனைவி தூக்கிப் பார்த்து, "இது எத்தினை கொதியில வேகும்?" என்று கேட்டா.

பொழுதுபடுகையில் திரியாய்க்காரனின் மனைவி வந்தா.

"அண்ணை, ரெண்டு றிங்தான் வந்தது. ரெண்டாவது ரெண்டு மணிக்கு. பிறகு ஒண்டுமில்லை. இந்த நேரத்துக்கு அவர் திரும்பி வந்திருக்கவேணும்."

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் முடிந்திருக்கும். "பற்றரி செத்திருக்கும் தங்கச்சி" என்றேன்.

மூன்றாவது றிங் வரவில்லை என்றால் மூன்றாவது சென்றியில் பிடித்துவிட்டார்கள் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. விடிய எழும்பி அவ அந்தச் சென்றிக்குப் போனா. அன்று அதற்கப்பால் பாதையையும் மூடிவிட்டார்கள், திரியாயிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அப்படி ஒருவர் இங்கே வரவில்லை என்று அவர்கள் சொல்ல, அவ நம்பாமல் மூன்று நாள் வெயிலில் நின்றா. அவ அங்கே நிற்க, நான் கந்தோரில் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். வழக்கத்தை விடக் கூடவே விட்டேன் என்று நினைக்கிறேன்.

நாலாம் நாள் திரும்ப வந்தா.

"சிம் உங்கட பேரிலதானே அண்ணை. கொம்பனியில லிஸ்ட் கேட்டா, கடைசியா எங்கயிருந்து அடிச்சவர் எண்டு தருவாங்களாம். நீங்கள் கையெழுத்து வைச்சால்தான் தருவாங்கள்."

அடுத்த நாள் காலை கொம்பனிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை சிரித்த முகத்தோடு ஒரு தாளை அச்சடித்துத் தந்தா. மாதம் முழுவதற்கும் பதினொரு கோல், ஆறு எனக்கு. புதன்கிழமையில் ஒன்றும் இல்லை.

"இடம் போடுறேல்லையோ? அவர் றிங் விட்டவர், பிள்ளை."

"அது எங்கட ஆக்களுக்குத்தான் தெரியும் சார். உங்களுக்கு காசு வெட்டின கோல் மட்டும்தான் தர ஏலும்."

தாளின் அடியில் ஒரு வரி இருந்தது: உரிமையாளரின் வேண்டுகோளின்படி துண்டிக்கப்பட்டது, பி.ப. 2.10. அந்தத் துண்டைக் கிழித்துவிடலாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். தாளை மடித்து நகத்தால் அழுத்தியும் பார்த்தேன்.

கிழிக்காமல் கொடுத்தேன். அவ வாசித்தா. திரும்பவும் வாசித்தா.

"அப்ப அவர் மூண்டாவதில நிக்கேல்லை."

"தெரியாது தங்கச்சி."

"நீங்கள் வெட்டினதாலதான் றிங் வரேல்லை."

"ஓம்."

"நான் மூண்டு நாள் அங்க நிண்டனான் அண்ணை."

அவ ஏசியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் பாதை திறந்தது. தாயிடமிருந்து சேதி வந்தது. புதன்கிழமை வந்தவன், மருந்து கொடுத்தவன், சோறு தின்றவன். போன் வேலை செய்யவில்லை, மனிசி பயப்படப் போகிறா என்று சொல்லி நாலு மணிக்கே அவசரமாக வெளிக்கிட்டிருக்கிறான். நாலு றிங் வந்திருக்க வேண்டிய அந்தத் திரும்பும் பாதையில் எந்த இடத்தில் காணாமல் போனான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவ நாலிலும் கேட்டா. எல்லா இடத்திலும் அது போன கிழமை, அன்று நின்றவர்கள் இப்போது இல்லை என்றார்கள்.

பிறகு என்னிடம் ஒன்று மட்டும் கேட்டா. "அந்த நம்பரைத் திருப்பி எடுங்கோ. அவருக்கு என்ர நம்பரும் அந்த நம்பரும்தான் பாடம்."

அதே கவுண்டர். என் கையெழுத்து என் கையெழுத்தோடு பொருந்தவில்லை. மூன்று முறை வைப்பித்தார்கள். 'பாவிப்பவர்' என்ற கட்டம் இந்த ஃபோமிலும் இருந்தது. 'நான்' என்று எழுதினேன். இந்த முறை பொய்யில்லை.

சிம்மை என் போனில் போட்டதும் அந்த நம்பருக்கு ஒரு மெசேச் வந்தது. உங்களை மீண்டும் வரவேற்பதில் கொம்பனிக்கு மகிழ்ச்சியாம். அதற்குப் பிறகு ஒரு றிங். லைன் உயிரோடு இருக்கிறதா என்று அவ பார்க்கிறா.

நான் எடுக்கவில்லை.