சம்பந்தியின் தாத்தாவைத் தொட்டிலிலேயே சாகடித்தேன்

என் மருமகன் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்தவர். பேரனின் ஞானஸ்நானத்துக்குப் பரிசாக, மருமகனின் தாய்வழி வம்சாவளியை வரைந்து அனுப்ப ஆசைப்பட்டேன். சம்பந்தியம்மா தங்கள் ஊர் தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பினார். அந்தப் பிரெஞ்சுக் கையெழுத்தோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன்.

ஒரே தகப்பனுக்கு ஐந்து மகன்கள். ஐந்து பேருக்கும் முதல் பெயர் ஜோசப்! பின்னால் இருந்தவை ஞானத்தந்தையின் பெயர்கள் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தை தவறிவிட்டால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். நானே இறந்துபோன அண்ணனின் பெயரைச் சுமப்பவன்தான். அதனால் முதல் நான்கு ஜோசப்புகளும் குழந்தையிலேயே இறந்ததாகச் சிலுவை போட்டுவிட்டு, கடைசி ஜோசப்பிலிருந்து கோடு இழுத்தேன். எங்கள் ஊர் அவனியாபுரத்திலேயே கண்ணாடிச் சட்டம் போட்டு கூரியரில் அனுப்பினேன்.

ஞாயிறன்று மகள் வீடியோவில் வந்தாள்.

"அப்பா, இங்க அந்தக் காலத்துல எல்லா ஆம்பளப் புள்ளைக்கும் ஞானஸ்நானத்துல முதல்ல ஜோசப்னுதான் எழுதுவாகளாம். கூப்பிடுற பேரு கடைசியிலதான் வருமாம். நீங்க சிலுவை போட்ட ரெண்டாவது ஜோசப்புதான் எங்க அத்தையோட தாத்தா. அத்தைய மடியில வச்சு வளத்தவரே அவர்தானாம்!"

"இம்புட்டு நாளா இத ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"நீங்க எங்கப்பா கேட்டீக?"

அவளுக்குப் பின்னால் சம்பந்தியம்மா, சட்டத்தைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எரிச்சலோடு மறுபடி முதலிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பெயரையும் சம்பந்தியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இப்போது பேனாவைத் தொடுகிறேன். அவர் சொல்லாமல் நான் யாரையும் சாகவிடுவதில்லை.