குடித்த தண்ணீர் எங்கே போகும்?

நர்ஸ் பயிற்சி முடித்து கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மேல்படிப்புக்கு மதராஸ் போவதா, கல்லாவியில் பார்த்திருந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வதா என்று முடிவு சொல்லச் சொல்லி வீட்டில் நெருக்கினார்கள்.

அந்தச் சித்திரை வெயிலில், பிள்ளை பெற்ற ஒருத்தி உதடு வெடித்துக் கிடந்தாள். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாதென்று அவளுடைய மாமியார் சொம்பைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள். அதை நான் எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிச்சா வயித்துல தண்ணி கோத்துக்கும்மா."

"கோக்காது. டாக்டர்தான் குடுக்கச் சொன்னாரு."

"அவரு சொல்றது இருக்கட்டும். அப்ப குடிச்ச தண்ணி எங்க போவும்? நீ படிச்சவதானே, சொல்லு."

கையை விடுவித்துக்கொண்டு தண்ணீரைப் புகட்டிவிட்டேன். பதில் மட்டும் என்னிடம் இல்லை. பயிற்சியில் எதை எப்போது கொடுப்பதென்று சொல்லித் தந்தார்கள். ஏன் என்று கேட்டால் உட்காரச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபம் அந்த மாமியார்மேல் இல்லை.

வீட்டுக்குப் போனதும் அண்ணன் ஆரம்பித்தார். "இன்னும் என்னத்தப் படிக்கப் போற? இந்த நர்ஸ் படிப்பே போதும்னு மாப்பிள்ள வீட்லயே சொல்லிட்டாங்க."

"அவங்களுக்குப் போதும்" என்றேன். "எனக்குப் பத்தலண்ணா."