சமைப்பவரை அழைத்து வரவும்

2003 ஜூலை 14, திங்கட்கிழமை, காலை 9.20. பெங்களூரில் விடாத தூறல். எடை கூடியவர்களுக்குக் குடம்புளிச் சாற்று மாத்திரையைக் கொடுத்துப் பரிசோதித்த மருத்துவமனையில் முருகேசனோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது 68, எடை 91 கிலோ.

என் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்க, வீட்டில் சமைப்பவரை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் பரிசோதனையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்களாம். மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. "எப்படி இருக்கீங்க?" என்று என்னைக் கேட்கும் ஒரே இடம் அது, இழக்க மனமில்லை. விவேக் நகரில் நான் சாப்பிடும் ஓட்டலின் சமையல்காரர் முருகேசனைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அரை நாள் லீவு போட்டு வந்துவிட்டார்.

உணவு ஆலோசகர் அவரைப் பார்த்தார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"மூணு வேளையும் சோறு போடறவன் மேடம். சாருக்கு இட்லி நாலுதான், ஆனா சட்னி மூணு தடவ. எடை எங்க குறையும்?"

அவர் சிரித்தபடி எழுதிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை?"

"அன்னிக்கி ஓட்டல் லீவு மேடம்." முருகேசன் என் பக்கம் திரும்பினார். "நானே கேக்கணும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை என்ன சார் சாப்பிடுவீங்க?"

பிஸ்கட் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"இந்த வாரம் பொம்மனஹள்ளிக்கு வந்துடுங்க. நம்ம வீட்லயே சாப்பிடலாம்" என்றார்.

அந்த மாத்திரை வேலை செய்ததா என்பது எனக்கு இன்றும் தெரியாது. என் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது மட்டும் அன்று தெரிந்தது. திரும்பும் பஸ்ஸில், மனைவி போன பிறகு முதல் தடவையாக, இரண்டு டிக்கெட் கேட்டேன். பத்து ரூபாய்.