தேக்கில் கட்டிய விமானம்

என் எழுதுமேசையின் மேல் முழ நீளத் தேக்குத் துண்டு ஒன்று கிடக்கிறது. அகலம் இரண்டு விரல். ஒரு முனை முறிந்து சிம்பு சிம்பாகப் பிளந்திருக்கிறது, ஓரங்களெல்லாம் பிய்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் எந்தக் காயமும் இன்றி வழவழவென்று இருக்கிறது. தூசு தட்டும்போது என் மனைவி அதை இரு கைகளாலும் எடுப்பாள், இரு கைகளாலும் வைப்பாள். அவளுடைய தம்பி கட்டிய விமானத்தின் இறக்கையில் இருந்த துண்டு அது.

மைத்துனர் காரைக்குடியில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் கடைசல் வேலை கற்பித்தவர். இரும்பை நன்கு அறிந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அயல்நாட்டு இதழ் ஒன்று அவருக்கு அஞ்சலில் வரத் தொடங்கியது. தம் கையாலேயே விமானம் கட்டுபவர்களுக்கான இதழ் அது. கனடாவில் மாட்டுக்கொட்டிலில் இறக்கை செய்யும் பள்ளி ஆசிரியர், பிரான்சில் கடைக்குப் பின்புறம் இயந்திரம் பூட்டும் ரொட்டிக்காரர் என்று பக்கத்துக்குப் பக்கம் படங்கள். அவர்களையெல்லாம் ஒன்றுவிட்ட உறவினர் போலவே அவர் பேசுவார். “பெரிய கம்பெனிக்காரவுக முந்நூறு பேரு ஏறுற பிளேன் செய்யட்டும் அத்தான். ஒத்த ஆளு ஏறுறதுக்கு ஒத்த ஆளு செஞ்சாப் போதாதா?” என்பார். அடுப்படியிலிருந்து என் மனைவி, “மொதல்ல ஒன் சைக்கிள் செயினை ஒழுங்கா மாட்டுடா. வாரத்துல மூணு தடவ கழண்டு விழுகுது” என்பாள்.

ஒற்றையாள் விமானத்துக்கான வரைபடத்தை அயல்நாட்டு முதியவர் ஒருவரிடமிருந்து அவர் வரவழைத்தார். அந்த முதியவருக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு என்னுடையது. நான் தமிழாசிரியன், ஆயினும் என் ஆங்கில உரைநடையைப் பற்றியும் எனக்கொரு செருக்கு உண்டு. வரைபடம் கேட்ட மரம் குளிர்நாட்டு ஊசியிலை மரம். இங்கே கிடைக்காது. அப்போது கண்டனூரில் பழைய மாளிகை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனரை அங்கே அழைத்துச் சென்றவன் நான். கிடத்தியிருந்த பர்மாத் தேக்குத் தூணின் மேல் கை வைத்து, இதனினும் உறுதியான மரம் எந்நாட்டில் உண்டு என்று கேட்டவனும் நானே. அந்தத் தூணைப் பட்டைகளாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, இறக்கையின் உள்ளே ஓடும் நெடுஞ்சட்டத்தைச் செய்தார். உதவிக்கு வந்த ஆசாரி, “பசையை மட்டும் நம்புறீகளே, ரெண்டு முளை அடிச்சா என்ன?” என்று கேட்டார். துளையிட்டால் சட்டம் வலுவிழக்கும் என்று வரைபடம் சொன்னதால் முளை அடிக்கவில்லை.

தேக்கில் செய்த செய்தியைத் தெரிவித்ததும் முதியவரிடமிருந்து எச்சரிக்கை வந்தது. தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம். ஒட்டு பிடிக்குமா என்பது ஐயம். இரண்டு துண்டுகளை ஒட்டி, நீரில் ஊறவைத்து, உலர்த்தி, உடைத்துப் பாருங்கள். மரம் கிழிய வேண்டும், ஒட்டு விடக்கூடாது. மைத்துனர் ஒட்டினார், மறுநாள் சுத்தியலால் ஓங்கி அடித்தார். விடவில்லை. நீரில் ஊறவைக்க மறுத்துவிட்டார். “நூறு வருஷம் மழையும் வெயிலும் பாத்த மரம் அத்தான். இதுக்குப் போயி பரீட்சை வைக்கச் சொல்றீகளே!” நானும் சிரித்தேன். எங்கள் வீடுகளைத் தாங்கி நிற்கும் தூண்களைப் பற்றி நீண்ட பத்தி ஒன்றை எழுதி அனுப்பினேன். அதன் ஒவ்வொரு சொல்லும் இன்றும் எனக்கு மனப்பாடம்.

மறுமொழி என் பள்ளி முகவரிக்கு ஒரு சனிக்கிழமை வந்தது. ஒரே வரி. உங்கள் தூண்களை யாரும் ஒட்டிச் செய்யவில்லையே, ஐயா.

அன்று மாலை மைத்துனர் வீட்டுக்கு வந்தார். உலகப்போர்க் காலத்தில் போடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட ஓடுதளத்துக்கு விமானத்தைப் பகுதி பகுதியாகக் கொண்டுசேர்த்துப் பூட்டிவிட்டாராம். “நாளைக் காலையில ஓட்டிப் பாக்கப் போறேன். தரையிலதான் அத்தான், பறக்க மாட்டேன். அக்காட்ட மட்டும் சொல்லிராதீக. மாதா கோயில்ல முழங்கால் போட்டா எந்திரிக்க மாட்டாக.” கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. தரையில்தானே ஓட்டப்போகிறார், மறுநாள் கொடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையன்று. நான் செதுக்கிச் செதுக்கி எழுதிய பத்தியை ஒருவர் ஒரே வரியில் வீழ்த்தியிருந்தார். அந்த வரியை என் வாயால் படித்துக் காட்ட ஒரு நாள் அவகாசம் எனக்குத் தேவைப்பட்டது.

மறுநாள் மூன்று முறை விமானம் தரையில் நேராக ஓடித் திரும்பியது. மூன்றாம் முறை என்னைக் கடந்தபோது அவர் கையசைத்தார். நான்காம் முறை சக்கரங்கள் தரையை விட்டன. வேண்டுமென்றே எழுப்பினாரா, காற்று தூக்கியதா, அறியேன். இரண்டு பனை உயரம் இருக்கும். இடது இறக்கை ஓசையின்றி மேல்நோக்கி மடங்கியதைக் கண்டேன். முறிந்த ஓசை அதன்பின்தான் செவிக்கு எட்டியது. நான் ஓடிச் சேர்ந்தபோது சூடான இயந்திரம் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. அவர் உயிரோடு இல்லை. சிதறிக் கிடந்த பட்டைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பினேன். ஒட்டிய பக்கத்தில் மரம் கிழியவில்லை, வழவழவென்று இருந்தது. ஒட்டு விட்டிருந்தது.

இயந்திரம் நின்றுபோய்த்தான் விமானம் விழுந்தது என்றே என் மனைவி இன்றுவரை நம்புகிறாள். அப்படிச் சொன்னவன் நான்தான். கடிதத்தை அன்றே எரித்துவிட்டேன். துண்டை எரிக்கக் கை வரவில்லை.

சென்ற வாரம் தூசு தட்டியவள் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வழவழப்பான பக்கத்தை விரலால் தடவினாள். “மத்த எல்லாம் பிஞ்சு கெடக்கு. இந்தப் பக்கம் மட்டும் எம்புட்டு நேர்த்தியா இருக்கு பாத்தீகளா? எந்தம்பி இழைச்ச இழைப்பு” என்றாள்.

“ஆமா” என்றேன்.

அந்தப் பக்கம் மேலே தெரியும்படி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.