சப்பீராளும் ஒரு படி அரிசியும்

1974ஆம் ஆண்டு மார்ச் 23, சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு அப்பா சாப்பாட்டுத் தூக்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி இரும்பாலைக்குக் கிளம்பினார். அம்மா வீட்டை மெழுகினாள், தம்பிக்குத் தலைக்கு ஊற்றினாள். பதினொரு மணிக்குக் கோயிலிலிருந்து பலிபீடத் துணியை வாங்கி வந்து துவைத்து, தனிக் கொடியில் காயப்போட்டாள். மூன்று மணிக்கு பிஸ்கட் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பிடியரிசி வாங்கப் புறப்பட்டாள். எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தான்.

எங்கள் தெருவில் பதினோரு கிறிஸ்தவ வீடுகள். உலை வைக்கும்போதெல்லாம் அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். வாரம் முழுவதும் சேர்ந்ததை அம்மா வாங்கி வந்து, ஞாயிறு ஆராதனையில் பலிபீடத்தின் முன்னால் வைப்பாள். பிறகு அது போதகர் வீட்டுக்குப் போகும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் இறந்த வருடம் வரை, அந்த டின்னை வேறு யாரும் சுமந்து நான் பார்த்ததில்லை. தனக்கென்று எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவள், அந்த அரிசியை மட்டும் வாசலில் நின்று உரிமையோடு கேட்பாள்.

அன்று நான்கு மணிக்குத் திரும்பியவள், டின்னைக் கீழே வைத்துவிட்டுப் படியை எடுத்தாள். டின்னிலிருந்தே ஒரு படி அளந்து துண்டில் முடிந்தாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முந்தின வாரம்தான் ஞாயிறு பள்ளியில் அனனியா, சப்பீராள் கதை சொல்லியிருந்தார்கள். காணியை விற்றதில் ஒரு பங்கை ஒளித்து வைத்துவிட்டு, முழுவதும் ஆண்டவருக்கே என்று பொய் சொன்ன புருஷனும் பெண்சாதியும். முதலில் அவன் விழுந்து செத்தான். மூன்று மணி நேரம் கழித்து அவளும். டீச்சர் மேஜையில் ஓங்கித் தட்டி அவர்கள் விழுந்த சத்தத்தைக் காட்டினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருந்தது.

"இன்னாத்துக்கும்மா அத்த எடுக்கற? அது ஆண்டவர்து ஆச்சே."

"ரயில் லைனுக்கு அந்தாண்ட ஊட்டுல மூணு பேருக்கும் அம்மை, பாப்பா. அந்தூட்டு ஆம்பள லாரில லோடு ஏத்தினு போனவன் இன்னும் வர்ல. நம்ம ஊட்ல ஒரு படிதான் கீது, திங்கக்கெழம வரிக்கும் நீங்க துன்னணும். தம்பியப் பாத்துக்கோ."

அவள் போய்விட்டாள். அந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகி ஐந்து நாளாகியிருந்தது. தெருவில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு அத்தை முறத்தோடு வந்து நின்றாள். "உங்கம்மா அம்மை ஊட்டுக்கா பூட்டா? நல்லா பண்றா போ ஊழியம்! வந்து உங்க ரெண்டு பேருக்கும் ஒட்டவுட்டா தெரியும் சேதி. இன்னிக்கு எங்கூட்டுப் பக்கம் வராதடி."

அம்மையைப் பற்றி நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. அம்மை வந்தால் பதினைந்து நாளில் இறங்கிவிடும். நாளைக் காலை எட்டரை மணிக்குக் குறைந்த டின்னோடு பலிபீடத்தின் முன் நிற்கப்போகிறவளை யார் காப்பாற்றுவது? தம்பியைத் தூளியில் போட்டுவிட்டு யோசித்தேன். பிறகு வீட்டு அரிசிப் பானையைத் தூக்கி வந்து, இருந்த ஒரு படியையும் டின்னில் கொட்டினேன். எங்களுடையது ரேஷன் அரிசி, சிவப்பாக இருந்தது. அது மேலாகத் தெரியாதபடி கையை முழங்கை வரை விட்டுக் கலக்கினேன்.

ஐந்தேமுக்காலுக்கு அம்மா திரும்பினாள். கிணற்றடியிலேயே குளித்து, கட்டியிருந்த புடவையை அலசிப் பிழிந்துவிட்டு, ஈரத்தலையோடு உள்ளே வந்தாள். உலை வைத்தாள். பானையைத் திறந்தாள். டின்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீயா கொட்ன?"

தலையாட்டினேன்.

"ஏன்டி?"

"நீ செத்துப் பூடுவியே. சப்பீராள் மாரி."

அம்மா அப்படியே உட்கார்ந்து முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவளுக்கும் பயம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அது அழுகையா சிரிப்பா என்று பிற்காலத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆறரைக்கு அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுல இன்னா கீது? டின்லருந்து நம்மளுத எடுத்துக்கோ" என்றார்.

"அது எப்டிங்க? கொயந்த ஆண்டவருக்குன்னு போட்டது. அதப் போய் எடுப்பாங்களா?"

"சாயந்தரம் நீ எடுத்தியே?"

"அது வேற."

உலைத்தண்ணீரில் வள்ளிக்கிழங்கு வெந்தது. சாயந்திரம் எடுக்கலாம், ராத்திரி எடுக்கக் கூடாது என்றால் அது என்ன கணக்கு? எனக்கு விளங்கவில்லை. எப்படியோ டின் நிறைந்திருக்கிறது, காலையில் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே தூங்கினேன்.

மறுநாள் ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்த அம்மா, அடுப்பு மூட்டுவதற்கு முன், ஜெபத்துக்கும் முன், டின்னைத் திறந்தாள். படி உரசும் சத்தத்தில் நான் எழுந்து உட்கார்ந்தேன். இந்த முறை இரண்டு படி.

"மறுபடியுமா? கோயில்ல கேப்பாங்கம்மா!"

"கேக்கட்டும். கேட்டாத்தான அந்த ஊட்டப் பத்தி நான் சொல்ல முடியும்?"

அவள் துண்டை முடிந்து லைன் பக்கம் நடந்தாள். நான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி, அவள் முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தண்டவாளத்தைத் தாண்டும்போது விழுந்தாளானால், தலை இரும்பில் படக் கூடாது.